கறிக்கோழிக்கு மூன்று பாட்டில் சத்து மருந்து ஊற்றியும் கால் நிற்கவில்லை

பாமணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே, முத்துப்பேட்டை போகிற வழியில் எங்கள் ஊர். ஒன்பது மா நிலம், வயலை ஒட்டி ஒரு கொட்டகை. கம்பெனிக்கு வளர்ப்புக்கூலிக்கு விடாமல் சொந்தமாகக் குஞ்சு வாங்கி 1,200 கறிக்கோழி வளர்க்கிறேன். இது நாலாவது பேட்ச்.

முதல் மூன்று பேட்சுக்கும் மூட்டைத் தீவனம்தான். அதன் விலை கட்டுப்படியாகவில்லை. குறுவை அறுத்த நேரம், ஊர் மில்லில் குருணையும் தவிடும் மலிவாகக் கிடைத்தது. அதனால் இந்த முறை 10 நாள் வரை கடையில் வாங்கிய ப்ரீ ஸ்டார்ட்டர் என்ற குஞ்சுத் தீவனம் போட்டுவிட்டு, 11ஆம் நாளிலிருந்து நானே தீவனம் கலந்து போடுகிறேன்.

இன்று 19ஆம் நாள். காலை ஐந்தரைக்குப் படுதாவைத் தூக்கினால் குஞ்சுகள் அத்தனையும் ஃபீடரைப் பார்த்து ஓடிவரும். இன்றைக்கு நிறையக் குஞ்சுகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தன. எண்ணினேன், எழுபதுக்கு மேல். எழுந்தாலும் இரண்டு அடி வைத்துவிட்டு முட்டியில் உட்கார்ந்துவிடுகின்றன. இருபது கோழியை எடை போட்டதில் சராசரி 520 கிராம். போன பேட்ச் நோட்டைப் புரட்டினால் இதே நாளில் 690 இருந்திருக்கிறது.

13ஆம் நாளே கொஞ்சம் மந்தமாகத் தெரிந்ததால் மருந்துக் கடையில் சொன்னேன். கால்சியம் டானிக், லிவர் டானிக், மல்டி வைட்டமின் என்று மூன்று பாட்டில் கொடுத்தார்கள். 2,650 ரூபாய். ஆறு நாளாகத் தண்ணீரில் ஊற்றுகிறேன். எடையும் ஏறவில்லை, உட்காருகிற கோழியும் குறையவில்லை, கூடிக்கொண்டுதான் போகிறது.

அப்பா ஒரு கேள்வி கேட்டார். கொல்லையில் இருபது நாட்டுக்கோழி திரிகிறது, அதற்கு எந்தக் காலத்தில் வைட்டமின் ஊற்றினோம், அதெல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. தாது உப்பு, வைட்டமின் இதெல்லாம் உண்மையிலேயே எடையைக் கூட்டுமா? இந்த மூன்று பாட்டிலில் எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலங்கைமான் பண்ணை எழுதியது:

நான் கம்பெனிக்கு 5,000 கோழி வளர்க்கிறேன். எங்களுக்கு வரும் தீவனத்தில் வைட்டமின், தாது உப்பு எல்லாம் கலந்தே வந்துவிடும். குஞ்சு இறங்கிய முதல் இரண்டு மூன்று நாளும், வெயில் கடுமையாக இருக்கும்போதும் மட்டும் சூப்பர்வைசர் ஏதாவது தண்ணீரில் கலக்கச் சொல்வார். மற்றபடி நானாக எதையும் ஊற்றுவதில்லை. ஒருமுறை லிவர் டானிக் வாங்கிப் பாதிக் கொட்டகைக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே எடை.

உங்கள் சங்கதி வேறு. சொந்தக் கலவை என்கிறீர்கள், என்ன கலந்தீர்கள் என்று சொல்லவில்லையே. உட்காருகிற கோழியின் கால்விரல் உள்பக்கம் சுருண்டிருக்கிறதா? முட்டி வீங்கிக் கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறதா? இல்லை கால் நேராக இருந்தும் நிற்க முடியவில்லையா? மூன்றும் மூன்று விதமான கோளாறு. உமி ஈரமாக இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

பாமணிக்கரை எழுதியது:

பத்துக் கோழியைத் தனியாகப் பிடித்து வைத்துப் பார்த்தேன். விரல் சுருளவில்லை. கால் திரும்பவும் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அலகைக் கட்டை விரலால் அமுக்கினால் வளைகிறது, சைக்கிள் டியூபை அமுக்குவது போல. நன்றாக ஓடுகிற கோழியின் அலகு அப்படி இல்லை, நகம் போலக் கெட்டியாக இருக்கிறது. இறகும் சரியாக மூடவில்லை, முதுகில் தோல் தெரிகிறது. கால் வெளுத்திருக்கிறது. உமி ஈரமாகத்தான் இருக்கிறது, தினமும் கிளறிவிடுகிறேன்.

100 கிலோவுக்கு என் கலவை: குருணை 40, மக்காச்சோளம் 10, சோயாப் பிண்ணாக்கு 28, தவிடு 12, நாகப்பட்டினத்திலிருந்து வாங்கிய தீவனக் கருவாட்டுத் தூள் 6, கிளிஞ்சல் தூள் 3, தாது உப்பு 1. தாது உப்பு வீட்டில் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்தது. டிசிபி என்கிற டைகால்சியம் பாஸ்பேட் தூள் போடச் சொன்னார்கள், விலை அதிகம் என்று விட்டுவிட்டேன். கால்சியத்துக்குத்தான் கிளிஞ்சல் இருக்கிறதே என்று நினைத்தேன். தண்ணீர் 140 அடி போர், லேசாக உப்புக் கரிக்கும்.

கல்லணைக் கால்வாய் எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் கால்சியம் டானிக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். அது உங்கள் கோழிக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒரத்தநாடு பக்கம். பதினான்கு வருஷமாகக் கறிக்கோழி வளர்க்கிறேன், அதில் பத்து வருஷம் சொந்தத் தீவனம். கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தபிறகுதான் மண்வெட்டியைத் தொடுவேன். உங்கள் கலவையையும் அப்படித்தான் போட்டுப் பார்த்தேன்.

கிளிஞ்சலில் சுமார் 38 சதவீதம் கால்சியம். 3 கிலோ கிளிஞ்சல் என்றால் அதிலேயே ஒரு கிலோவுக்கு மேல் கால்சியம் வந்துவிட்டது. கருவாட்டு முள், மாட்டுத் தாது உப்பு, சோயா இதெல்லாம் சேர்ந்தால் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டுகிறது. கறிக்கோழிக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். அதற்கு மேல் டானிக்கும் ஊற்றுகிறீர்கள். ஆக உங்கள் கோழிக்குக் கால்சியம் பற்றாமல் இல்லை, தேவைக்கு மேல் இருக்கிறது. அப்படியிருந்தும் எலும்பு வளைகிறது.

எலும்பு கால்சியத்தால் மட்டும் ஆனதில்லை, பாஸ்பரஸும் வேண்டும். கால்சியம் இரண்டு பங்கு என்றால் உடம்பில் சேரக்கூடிய பாஸ்பரஸ் ஒரு பங்கு. உங்களிடம் அது நாலுக்கு ஒன்று என்று நிற்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் தவிடு, பிண்ணாக்கு, சோளம் எல்லாவற்றிலும் இருக்கிற பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி கோழிக் குடலில் போதாது. கால்சியம் மிஞ்சினால் அது பைட்டேட்டோடு ஒட்டிக்கொண்டு பூட்டை இன்னும் இறுக்கிவிடும். இதற்காகத்தான் டிசிபி போடச் சொல்கிறார்கள். அதில் கால்சியத்தோடு 18 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கிறது, கோழி எடுத்துக்கொள்ளும் வடிவில். டிசிபிக்குக் கிளிஞ்சல் மாற்று ஆகாது.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. உங்கள் கலவையில் வைட்டமின் என்று தனியாக ஒன்றுமே இல்லை. மாட்டுக்கு வாங்கும் தாது உப்பு மாட்டின் கணக்குக்குச் செய்தது. மாடு பி வைட்டமின்களைத் தன் வயிற்று நுண்ணுயிர்களிடமிருந்தே பெற்றுக்கொள்ளும், வெயிலில் நின்று டி வைட்டமினும் தயாரித்துக்கொள்ளும். உங்கள் கோழிக்கு அந்த இரண்டு வழியும் இல்லை. மழைக்குப் படுதா இறக்கிய கொட்டகையில் நேர் வெயில் எங்கே? அந்த டி வைட்டமின் (டி3) இல்லாவிட்டால் கால்சியம் குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் சரியாக ஏறாது, அப்புறம் எவ்வளவு கிளிஞ்சல் கொட்டினாலும் எச்சத்தில்தான் போகும். முதல் பத்து நாள் கடைத் தீவனத்தில் சேர்ந்திருந்த வைட்டமின் ஒரு வாரம் தாங்கியிருக்கிறது. அது தீர்ந்ததும் உட்கார ஆரம்பித்துவிட்டன. நாள் கணக்கும் சரியாகப் பொருந்துகிறது பாருங்கள்.

கால் வெளுத்ததற்குக் குருணைதான் காரணம். மஞ்சள் மக்காச்சோளத்தில் நிறமும் இருக்கிறது, உடம்பில் போய் ஏ வைட்டமினாக மாறும் கரோட்டினும் இருக்கிறது. அரிசியில் இரண்டும் கிடையாது. நம் டெல்டாவில் குருணை மலிவு என்பதால் எல்லோரும் சோளத்துக்குப் பதில் அதைப் போடுகிறோம். தவறில்லை, மாவுச்சத்து நல்ல சத்து. ஆனால் சோளத்தை எடுத்த இடத்தில் ஏ வைட்டமினைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும். இறகு மூடாததற்குத் துத்தநாகமும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் குறைந்திருக்கலாம். சோயாவை நம்பிக் கலக்கும் தீவனத்தில் மெத்தியோனின் எப்போதும் பற்றாது, கொஞ்சம் தூளாக வாங்கிப் போட வேண்டும்.

அப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி. நாட்டுக்கோழி காலையில் எரு மேட்டைக் கிளறுகிறது, கரையான் தின்கிறது, கீரையைக் கொத்துகிறது, மத்தியானம் வெயிலில் இறக்கையை விரித்துப் படுக்கிறது. அதுவே அதன் வைட்டமின். அப்படியிருந்தும் ஒன்றரைக் கிலோ வர ஆறேழு மாசம் ஆகிறது. கறிக்கோழி 40 கிராம் குஞ்சாக வந்து ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ ஆகிறது, ஐம்பது மடங்கு. அவ்வளவு சதையைத் தாங்குகிற எலும்பு அந்த நாற்பது நாளுக்குள்ளேயே கட்டியாக வேண்டும். அதற்கு வேண்டிய ஒவ்வொரு மில்லிகிராமும் நாம் கொட்டுகிற தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். அது வெளியே போய்த் தேடித் தின்ன நாம் விடவில்லையே. அதனால் பொறுப்பு நம்முடையது.

எடையைக் கூட்டுமா என்று கேட்டீர்கள். குறை இருந்தால் கூட்டும், குறை இல்லாத இடத்தில் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. வலங்கைமான் தம்பி சொன்னது அதைத்தான்.

இப்போது செய்ய வேண்டியது. கிளிஞ்சல் 3 கிலோவை 1 கிலோ ஆக்குங்கள். டிசிபி 1 கிலோ சேருங்கள். மாட்டுத் தாது உப்பை எடுத்துவிட்டுக் கோழிக்கென்று விற்கிற நுண்தாதுக் கலவை வாங்குங்கள், அதில் மாங்கனீஸ், துத்தநாகம், செம்பு, இரும்பு, அயோடின் இருக்கும். மாங்கனீஸ் குறைந்தால் முட்டித் தசைநாண் நழுவிக் கால் பக்கவாட்டில் திரும்பும், உங்களுக்கு இன்னும் அது வரவில்லை. ஏ, பி2, டி3, கே சேர்ந்த வைட்டமின் கலவை ஒன்று, மற்ற பி வைட்டமின்கள் ஒன்று, கோலின் குளோரைடு தனியாக. அளவைப் பொட்டலத்தில் போட்டிருக்கிறபடி போடுங்கள், அதற்கு மேல் ஒரு கிராம்கூட வேண்டாம். உங்கள் கருவாட்டில் முள் எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கிளிஞ்சல் கணக்கு மாறும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது, ஒரு கிலோ மாதிரி அனுப்பினால் கால்சியம், பாஸ்பரஸ், உப்பு, மணல், பூஞ்சை நச்சு எல்லாம் சொல்லிவிடுவார்கள். மூட்டை மூட்டையாக வாங்குகிற நமக்கு அந்தக் கட்டணம் பெரிதில்லை.

கலக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 100 கிலோவில் 20 கிராம் வைட்டமினைத் தூவி மண்வெட்டியால் நாலு புரட்டுப் புரட்டினால் ஒரு கோழிக்குப் பத்து மடங்கு போகும், இன்னொன்றுக்கு ஒன்றுமே போகாது. நான் முதலில் அரைத்த சோயா ஒரு கிலோவை ஒரு தட்டில் பரப்பி அதில் வைட்டமினைக் கையால் தேய்த்துக் கலப்பேன், மஞ்சள் புள்ளி மறைகிற வரைக்கும். அந்த ஒரு கிலோவை ஐந்து கிலோவில், அதை இருபதில், அப்புறம்தான் பெரிய குவியலில். அரை மணி நேரம் ஆகும்.

நானும் இதில் அடிபட்டவள்தான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கொட்டகைக் கூரையும் போச்சு, தீவன அறையும் நனைந்தது. ஒரு மூட்டை வைட்டமின் கலவை பிரித்தபடி கிடந்தது. இருந்த நஷ்டத்தில் அதை எறிய மனசு வரவில்லை. சிமெண்ட் களத்தில் மூன்று நாள் வெயிலில் காய வைத்து, கட்டியை உடைத்து, சலித்து எடுத்து வைத்தேன். நல்ல மஞ்சளாக இருந்த தூள் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது, நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மாசிக்கு இறக்கிய குஞ்சுக்கு அதையே போட்டேன். 13ஆம் நாள் பார்த்தால் குஞ்சுகள் கால்விரலை முஷ்டி மாதிரி மடக்கிக்கொண்டு முட்டியால் நகர்கின்றன. பி2 குறைவு. அந்த மஞ்சள் நிறமே பி2தான், வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். உடனே பி2 கொடுத்ததில் நிறைய எழுந்துகொண்டன, நரம்பு கெட்டுப்போன நாற்பது குஞ்சு எழவே இல்லை. அந்த நாற்பதின் கால்விரலும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

குடந்தை கால்நடை மருத்துவர் எழுதியது:

அம்மா சொன்ன கணக்கு சரி. நான் சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

அலகு வளைவதும் முட்டியில் உட்காருவதும் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு மெலிவைக் காட்டுகின்றன. ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குடலில் சத்து சேராமல் தடுக்கும் வைரஸ் நோய், பூஞ்சை பிடித்த சோளத்தின் அஃப்ளாடாக்சின் இரண்டுமே இதே தோற்றத்தைக் கொடுக்கும். அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுத்துக் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடம்பில் சேரவிடாமல் செய்யும், அப்போது தீவனத்தில் டி3 இருந்தும் பயன் இல்லை. ஐப்பசி மழையில் சோளத்தின் ஈரம் 13, 14 சதவீதத்துக்கு மேல் போனாலே பூஞ்சை பிடிக்கும். உட்கார்ந்த கோழியில் இரண்டு மூன்றை உயிரோடு எடுத்துக்கொண்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். அறுத்துப் பார்த்தால் விலா எலும்பு முனையில் மணி கோத்தது போல முடிச்சு தெரியும், கால் எலும்பு டக்கென்று ஒடியாமல் வளையும். நரம்பு, சிறுநீரகம், குடல் எல்லாம் பார்த்துவிடுவார்கள்.

டி3 தண்ணீரில் கொடுக்கலாம், பாட்டிலில் உள்ள அளவுப்படி நாலைந்து நாள். அதிகம் கொடுத்தால் சிறுநீரகத்தில் கால்சியம் படிந்து கோழி செத்துவிடும். பி வைட்டமினும் சியும் மிஞ்சினால் பெரும்பாலும் எச்சத்தோடு வெளியே போகும். ஏ, டி போன்றவை உடம்பிலேயே தங்கிவிடும், அதனால் அவற்றில் எச்சரிக்கை வேண்டும்.

தண்ணீரில் மருந்து கலப்பவர்கள் மறக்கிற ஒன்று: உட்கார்ந்திருக்கிற கோழி டிரிங்கர் வரைக்கும் வராது. மருந்து யாருக்கு வேண்டுமோ அவை குடிப்பதில்லை, ஓடுகிற கோழிதான் குடிக்கிறது. உட்கார்ந்தவற்றைத் தனித் தடுப்பில் போட்டு, தட்டில் தீவனமும் தாழ்வாகத் தண்ணீரும் வையுங்கள். இல்லாவிட்டால் பட்டினியாலும் தாகத்தாலுமே செத்துவிடும்.

மூன்று வாரம், ஈரமான உமி என்றால் ரத்தக் கழிச்சலும் வரலாம். வந்தால் அம்ப்ரோலியம் கொடுக்கச் சொல்வார்கள். அந்த நாட்களில் பி1 உள்ள எந்த டானிக்கையும் கொடுக்காதீர்கள். அம்ப்ரோலியம் பி1 போலவே உருவம் கொண்டு கிருமியை ஏமாற்றித்தான் வேலை செய்கிறது. நீங்கள் பி காம்ப்ளக்ஸை ஊற்றினால் கிருமிக்கே சாப்பாடு போட்ட மாதிரி ஆகிவிடும். மருந்தும் டானிக்கும் ஒரே தொட்டியில் கலக்கும் பண்ணைகளை நான் நிறையப் பார்க்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எடை கூட்டும் பவுடர் என்று பெயர் தெரியாத பொட்டலம் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்துவிட்டது. மனிதனுக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அச்சிட்டிருக்காவிட்டால் அது சத்து மருந்து இல்லை.

வேதாரண்யம் உப்புக்காற்று எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், தண்ணீர் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தண்ணீர் கரிக்கிறது, கருவாடும் போடுகிறார். எங்கள் பக்கம் இதுதான் பெரிய தலைவலி. கருவாட்டில் எவ்வளவு உப்பு என்று பார்க்காமல் 8 கிலோ போட்டேன், கூடவே வழக்கம்போல 300 கிராம் சமையல் உப்பும். கோழி தண்ணீராகக் குடித்துத் தண்ணீராகவே கழித்தது. உமி சேறாகி, பாதத்தில் புண் வந்து, எடை நின்றுவிட்டது. உப்பை நிறுத்தி, உப்புப் போடாமல் காய வைத்த கருவாடாக மாற்றியதும் நாலு நாளில் உமி காய்ந்தது. பாமணிக்கரை நண்பரே, போர் தண்ணீரை வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள்.

டாக்டர் சாரிடம் ஒரு கேள்வி. கத்திரி வெயிலில் வைட்டமின் சி கொடுக்கச் சொல்கிறார்கள். கோழி அதைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்று படித்தேனே?

குடந்தை கால்நடை மருத்துவர் எழுதியது:

தயாரிக்கும், சிறுநீரகத்தில். சாதாரண நாளில் அதுவே போதும். வெயில் கடுமையானால் தேவை கூடுகிறது, தயாரிப்பு ஈடு கொடுப்பதில்லை. அதனால் கோடையில் சி கொடுப்பதில் பொருள் இருக்கிறது. விடிகாலையில் கொடுங்கள், மத்தியானம் இரைக்க ஆரம்பித்தபிறகு கொடுத்துப் பயனில்லை. இன்னொன்று, சாதாரணமாக ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கும் கோழி, வெயிலில் அதைவிட மிக அதிகமாகக் குடிக்கும். லிட்டருக்கு இவ்வளவு என்று கலந்தால் மருந்து அளவும் அத்தனை மடங்கு ஏறிவிடும். கோழியின் மொத்த எடைக்குக் கணக்குப் போட்டு, அந்த மருந்தை இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்து முடிக்கும் தண்ணீரில் மட்டும் கலந்து வையுங்கள். உங்கள் ஊரில் தண்ணீரே உப்பு என்பதால் எலக்ட்ரோலைட் என்ற உப்புக் கலவை பாக்கெட்டைக் கொட்டும் முன் யோசிக்க வேண்டும்.

பாமணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 21ஆம் நாள் மூன்று கோழியைக் கூடையில் வைத்து ஒரத்தநாடு கொண்டுபோனேன். அறுக்கும்போது பக்கத்திலேயே நிற்க வைத்துக் காட்டினார்கள். விலா எலும்பு முனையில் வரிசையாக முடிச்சு, டாக்டர் சார் சொன்ன மாதிரியே. கால் எலும்பை என் கையில் கொடுத்து ஒடிக்கச் சொன்னார்கள். முருங்கைக்குச்சி மாதிரி ஒடியும் என்று நினைத்து அழுத்தினேன், பச்சை நாணல் மாதிரி வளைந்து நின்றது. சிறுநீரகம் வெளுத்து வீங்கியிருக்கிறது, கால்சியம் அதிகம் என்றார்கள். நரம்பு நன்றாக இருக்கிறது, குடலில் ரத்தக் கழிச்சல் அறிகுறி இல்லை. நாமக்கல்லுக்கும் தீவன மாதிரி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா சொன்ன கலவைக்கு மாற்றிவிட்டேன். மூன்று பாட்டிலையும் நிறுத்தி, டி3 மட்டும் ஐந்து நாள் கொடுத்தேன். உட்கார்ந்தவற்றைக் கொட்டகை மூலையில் வலையால் தடுத்து, சாப்பாட்டுத் தட்டில் தீவனம் வைத்தோம். அம்மாவும் நானும் மாறி மாறித் தண்ணீர் காட்டினோம். நாலாம் நாள் காலையில் தடுப்புக்குள்ளிருந்து ஒன்று வலையைத் தாண்டி வெளியே வந்து நின்றது. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மொத்தம் உட்கார்ந்தது 83. 26ஆம் நாள் கணக்கில் 51 எழுந்து மற்றவற்றோடு சேர்ந்துவிட்டன. 18 செத்தன. 14 நடக்கின்றன, ஆனால் கால் வளைந்து சிறுத்துப்போய்விட்டன. புதிதாக எதுவும் உட்காரவில்லை. உமியும் காய்கிறது, கருவாட்டை மாற்றிவிட்டேன்.

அப்பாவுக்கு அக்காவின் பதிலைப் படித்துக் காட்டினேன். கோழியை உள்ளே அடைத்தது நாம்தானே என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் தீவனம் கலக்கும்போது தட்டில் சோயாவைப் பரப்பிக்கொண்டு அவரே உட்கார்ந்துவிட்டார்.

பாமணிக்கரை, பிறகு எழுதியது:

42ஆம் நாள் கோழி பிடித்துவிட்டார்கள். சராசரி 1.85 கிலோ. போன பேட்ச் 40 நாளில் 2.1 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 2.1 கிலோ தீவனம் ஓடியிருக்கிறது, போன முறை 1.75தான். குருணையில் மிச்சம் பிடித்ததைவிட இதில் அதிகம் போய்விட்டது. நாமக்கல் முடிவும் வந்தது, பழைய கலவையில் கால்சியம் 1.7 சதவீதம். அக்கா நோட்டில் போட்ட கணக்குக்குக் கிட்டவே இருக்கிறது.

அடுத்த பேட்சும் சொந்தத் தீவனம்தான், இந்த முறை முதலிலேயே எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போகிறேன். வைட்டமின் கலவை மொத்தமாக வாங்கினால் மலிவு என்கிறார்கள். ஆறு மாசத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கலாமா? தவிட்டை 12 கிலோவே வைத்துக்கொள்ளலாமா?

கல்லணைக் கால்வாய் எழுதியது:

வேண்டாம் தம்பி. ஒரு பேட்சுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள், தயாரித்த தேதியைப் பார்த்து. நம் ஊர் மழைக்காலக் காற்றில் பிரித்த பொட்டலம் ஒரு மாசம் தாங்காது. மூடி இறுகும் டப்பாவில், வெளிச்சம் படாத, சூடில்லாத அறையில் வையுங்கள், தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். கோலின் குளோரைடையும் நுண்தாதுவையும் வைட்டமினோடு ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். கோலின் ஈரத்தை இழுக்கும், செம்பும் இரும்பும் வைட்டமினை அரித்துவிடும். கலக்குகிற அன்றைக்குத்தான் எல்லாம் ஒன்றுசேர வேண்டும். கலந்த தீவனத்தையும் பத்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

தவிட்டை 6 கிலோவுக்குக் குறையுங்கள், மில்லில் அரைத்த அன்றே வாங்குங்கள். பச்சைத் தவிட்டில் எண்ணெய் அதிகம், நாலைந்து நாளில் சிக்கு வாடை வரும். சிக்குப் பிடித்த எண்ணெய் ஈ வைட்டமினைத் தின்றுவிடும், அப்புறம் குஞ்சு தலையைத் திருப்பிக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும். எண்ணெய் எடுத்த தவிடு கிடைத்தால் அந்தத் தொல்லை இல்லை. பைட்டேஸ் நொதியும் கிடைக்கிறது, கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் கணக்கில் சேர்த்தால் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸில் ஒரு பங்கு வெளியே வரும், டிசிபியைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் முதல் பேட்சிலேயே குறைக்காதீர்கள்.

குஞ்சு எப்போது இறக்குகிறீர்கள்? 14ஆம் நாளிலிருந்து தினமும் காலையில் பத்துக் கோழியின் அலகை அமுக்கிப் பாருங்கள். செத்த குஞ்சு ஏதாவது கிடைத்தால் கால் எலும்பை ஒடித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

பாமணிக்கரை எழுதியது:

கார்த்திகை கடைசியில் இறக்குகிறேன் அக்கா. கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. 14ஆம் நாள் கட்டாயம் எழுதுகிறேன்.